நடக்காத பதினெட்டுக் கூட்டங்கள்

“பதினெட்டுக் கூட்டத்துக்கும் வந்திருக்காரு. ஒரு கூட்டத்துலகூட வாயைத் திறக்கலையே, ஏன்?” என்று டீன் கேட்டார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் ஹெட் கிளார்க் நின்றிருந்தார். அந்த மனிதர் பேசாததற்குக் காரணம் மிகவும் எளிமையானது. அப்படி ஒரு மனிதரே கிடையாது.

“அவரு கொஞ்சம் அமைதியான சுபாவம் சார்,” என்றார்.

“சுபாவமெல்லாம் வர்றவங்களுக்குப் புரியாது. இங்க பாருங்க.” டீன் தர விதிகள் அடங்கிய புத்தகத்தைத் திருப்பி வைத்தார். சர்வதேச அங்கீகாரக் குழு அனுப்பிய புத்தகம் அது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு கனம். “பாடத்திட்டக் குழுவில் மருத்துவர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவர், நோயாளிகள் சார்பில், பொருள் பொதிந்த முறையில் பங்கேற்க வேண்டும். பொருள் பொதிந்த முறையிலய்யா! உங்க ஆளு பதினெட்டு தடவை வந்து, உக்காந்து, எந்திரிச்சுப் போயிருக்காரு. பேச வையுங்க.”

“என்ன பேச வைக்கிறது சார்?”

“அதை நான் சொல்லணுமா? நோயாளி என்ன பேசுவான், அதைப் பேச வையுங்க. வெள்ளிக்கிழமை எல்லாம் போயாகணும்.”

அந்த மருத்துவக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதற்குத் தனி அறை, அறைக்குப் பெயர்ப்பலகை, வட்டமான ரப்பர் முத்திரை எல்லாம் உண்டு. கூட்டம் மட்டும் நடந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் வீதம், மூன்று வருடத்துக்கான நடவடிக்கைக் குறிப்புகளைக் காட்ட வேண்டும் என்று அங்கீகாரக் குழு கேட்டபோது, டீன் ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டு, “தரம்னா என்னய்யா? கேட்டப்ப எடுத்துக் காட்டுறதுதான் தரம். காட்டுங்க,” என்று சொல்லிவிட்டார்.

ஹெட் கிளார்க் பொய் எழுதிப் பழகியவர் அல்ல. இருபத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஒரு விடுப்புக் கடிதத்தின் தேதியைக்கூட அவர் முன்பின்னாகப் போட்டதில்லை. பேனாவைக் கையில் எடுத்தால் கோடு போட்ட மாதிரி நடப்பவர். அப்படிப்பட்டவர் இதற்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அதே கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள்.

அவள் பரம்பரையிலேயே முதல் டாக்டர். மேற்படிப்புக்கு ஒரு வெளிநாட்டு மருத்துவமனையில் இடமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: படித்த கல்லூரிக்குச் சர்வதேச அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் வராவிட்டால் அந்த இடம் இல்லை. மனைவி ஏற்கெனவே இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி, தெரு முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அந்தக் கல்லூரியின் எல்லாக் கோப்புகளையும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். உள்ளே எவ்வளவு காற்று, எவ்வளவு சரக்கு என்று அவருக்குத் தெரியும். இங்கே தன் மகள் ஒரு நாள் கூடுதலாக இருக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஆகவே பேச வைத்தார்.

ஆவண அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் கூட்டத்தின் குறிப்பை எடுத்தார். பொது உறுப்பினர் என்ன சொல்லியிருப்பார்? பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு நான்கு வருடத்துக்கு முன்பு, குடலிறக்க ஆபரேஷனுக்காக இதே ஆஸ்பத்திரியில் தான் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது.

அன்று பன்னிரண்டு மாணவர்கள் வரிசையாக வந்து அவர் வயிற்றை அமுக்கினார்கள். ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை. பன்னிரண்டு பேருடைய சேர்க்கை அட்டைகளையும் தட்டச்சு செய்தவர் அவர்தான்; எல்லோருடைய பெயரும், இனிஷியலும், அங்க அடையாளமும்கூட அவருக்குத் தெரியும். கால்மாட்டில் நின்ற பேராசிரியர் அவரை “இது” என்று குறிப்பிட்டார். “இதுக்கு வலி எங்க இருக்குன்னு பாருங்க.” அன்றைய அவமானம் அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

அவர் எழுதினார்: “மாணவர்கள் நோயாளியைத் தொடுமுன் தம் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும் எனப் பொது உறுப்பினர் வலியுறுத்தினார்.”

எழுதிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் பொது உறுப்பினர், நோயாளி பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிடமாவது குறுக்கே பேசக்கூடாது என்றார். அதற்கடுத்த கூட்டத்தில், நின்றுகொண்டு கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கும்படி சொன்னார். ஏழாவது கூட்டத்தில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “எங்கள் சீட்டைப் பார்க்கிறீர்கள், புண்ணைப் பார்க்கிறீர்கள், எங்களை யாரும் பார்ப்பதில்லை,” என்றார். டீன் அதற்கு வருத்தம் தெரிவித்ததாகவும் குறிப்பில் பதிவாயிற்று. நிஜத்தில் டீன் எதற்கும் வருத்தம் தெரிவித்ததில்லை. அந்த வரியை எழுதும்போது ஹெட் கிளார்க்குக்கு ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தில் இதமாக இருந்தது.

வியாழக்கிழமை டீன் முழுவதையும் படித்தார். ஏழாவது கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் கனைத்தார்.

“நல்லாத்தான் பேசறாரு. சரி, இவ்வளவு பேசியிருக்காரே, நாம என்ன பண்ணினோம்?”

“என்ன சார்?”

“மேல்நடவடிக்கை! பொது உறுப்பினர் சொன்னதைக் கேட்டுச் செஞ்சோமா இல்லையா? செய்யலைன்னா அவரு பேசாம இருந்ததே தேவலை. சுற்றறிக்கை போட்டதுக்கு ஆதாரம் வேணும். துறைத் தலைவர் எல்லாரும் வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வேணும். அறிவிப்புப் பலகையில ஒட்டணும். அப்புறம் மாணவர்கள் பார்வைக்குன்னு நூலகத்துல இந்த மினிட்ஸோட பிரதி ஒண்ணு வைக்கணுமாம். அதுவும் இதுல இருக்கு.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். ஹெட் கிளார்க் வெட்டியது ஒரு கிணறு. பூதம் துறைக்கு ஒன்றாக வந்தது. பழைய தேதியிட்டுப் பதினோரு சுற்றறிக்கைகள் தயாராயின. அவற்றை ஒரு தடித்த கட்டாகக் கட்டி, மேலே ‘சம்பள உயர்வு விவரம்’ என்ற தாளை வைத்து அனுப்பினார். துறைத் தலைவர்கள் எல்லோரும் முதல் தாளைப் படித்துவிட்டு, மிச்சம் அத்தனையிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பலகைகளில் சுற்றறிக்கைகளை ஒட்டி, நூலகத்தில் கூட்டக் குறிப்புகளின் பிரதியையும் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் அனுப்பி முடித்தார்.

திங்கட்கிழமை காலை சர்ஜரி பேராசிரியர் வந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தி’. ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ளே வைத்த பெயர் வெளியேயும் பொருத்தமாக இருந்தது.

“மூணு வருஷத்துக்கு முந்தின சுற்றறிக்கையாம்! என் வார்டு வாசல்ல ஒட்டியிருக்கு! கட்டிலுக்குக் கட்டில் ஸ்டூல் போடணுமாம்! என் பார்வைக்கு வராம இதை யாருய்யா போட்டது?”

ஹெட் கிளார்க் எழுந்து நின்று, சுற்றறிக்கையின் அலுவலகப் பிரதியை எடுத்துக் காட்டினார். “உங்க கையெழுத்து இருக்கே சார்.”

கத்தி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பக்கத்தில், ஹெட் கிளார்க் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது. அவருடைய முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து, அந்த இடத்துக்குப் பயம் வந்தது.

“ஆமா,” என்றார் மெதுவாக. “என் கையெழுத்துதான்.”

“ஞாபகம் இல்லையா சார்?”

“இருக்கு, இருக்கு. ஏன் இல்லாம?” என்று அவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் நரம்பியல் துறைக்கு யாருக்கும் தெரியாமல் போய் ஞாபக சக்தியைப் பரிசோதித்துக்கொண்டதாக ஹெட் கிளார்க்குக்குத் தகவல் வந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதரில்லை என்றாலும், இப்படிச் சோதித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

ஆனால் கத்தி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. தனக்கு மறந்துபோனதை மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால், மாணவர்கள்தான் மூன்று வருடமாக மீறிவிட்டார்கள் என்று ஆக்கிவிட்டார். வார்டு நடுவில் நின்று, “மூணு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தராவது கேட்டீங்களா?” என்று அவர் போட்ட சத்தத்தில், மாணவர்கள் நடுநடுங்கி ஸ்டூல்களைத் தேடி ஓடினார்கள். சர்ஜரியில் நடப்பதைப் பார்த்து மெடிசின், மெடிசினைப் பார்த்துக் குழந்தைகள் பிரிவு. எல்லோருமே மூன்று வருடமாகத் தாங்கள் மட்டும் அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் இருந்துவிட்டதாக நினைத்தார்கள். யாரும் யாரிடமும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, பாடத்திட்டக் குழுவுல பொது உறுப்பினர்னு ஒருத்தர் இருக்காரே, யாருப்பா அது?”

ஹெட் கிளார்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

“நூலகத்துல மினிட்ஸ் வச்சிருக்காங்கப்பா. ஏழாவது கூட்டத்தைப் படிச்சேன்.”

“பரீட்சைக்கு அதையா கேக்கப் போறாங்க? போய்ப் படி பாப்பா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அங்கீகாரக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டீன் அதை ஒருமுறை படித்துவிட்டு ஹெட் கிளார்க்கிடம் நீட்டினார். மூன்று பேர் கொண்ட குழு இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. நடவடிக்கைக் குறிப்புகளை மிகுந்த ஆர்வத்துடன் படித்ததாம். பொது உறுப்பினரைத் தனியாக, கல்லூரி ஆட்கள் யாரும் இல்லாமல், ஒரு மணி நேரம் சந்திக்க விரும்புகிறதாம்.

“பேச வையுங்கன்னுதானே சொன்னேன்,” என்றார் டீன். “இந்தப் பேச்சா பேச வைக்கச் சொன்னேன்?”

“இப்ப என்ன சார் பண்றது?”

டீன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு திரும்பி, மிகுந்த துக்கத்தோடு, “அவரு தவறிட்டார்னு எழுதிடுங்க,” என்றார்.

ஹெட் கிளார்க் இரங்கல் தீர்மானம் எழுதினார். “குழுவின் பொது உறுப்பினர் மறைவுக்கு இக்குழு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.” இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு இதே வரியைத் தட்டச்சு செய்திருக்கிறார். ஆனால் இதில் ‘ஆழ்ந்த’ என்ற சொல்லை மனதாரத் தட்டச்சு செய்தார். பதினெட்டுக் கூட்டம் கூடவே இருந்த மனிதர். தன் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் தனக்காகச் சொன்னவர். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று ஒருமுறை தலை குனிந்தார்.

மறுநாளே பதில் வந்தது. குழு தன் வருத்தத்தைத் தெரிவித்திருந்தது. கீழே இரண்டு கேள்விகள். மறைவு உங்கள் மருத்துவமனையில் நிகழ்ந்ததெனில், அது குறித்த மரண ஆய்வுக் கோப்பை அனுப்பவும். வேறு மருத்துவமனையில் நிகழ்ந்ததெனில், உங்கள் நோயாளிகளின் பிரதிநிதியே உங்கள் மருத்துவமனைக்கு வராததற்கான காரணத்தை அனுப்பவும்.

“வீட்டுல தவறிட்டார்னு போடுங்க,” என்றார் டீன்.

“ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரலைன்னு கேப்பாங்க சார்.”

“பஸ்ஸுல போறப்ப?”

“ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்துல வந்துச்சுன்னு கேப்பாங்க.”

டீன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நம்ம ஆஸ்பத்திரியிலயே செத்ததா கோப்பு தயார் பண்ணுங்க. கேஸ் ஷீட்டு, டெத் சர்டிபிகேட்டு எல்லாம்.”

இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஹெட் கிளார்க் டீன் முன்னால் உத்தரவில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார், மினிட்ஸ் எழுதச் சொன்னீங்க, எழுதினேன். சுற்றறிக்கை போடச் சொன்னீங்க, போட்டேன். பொறக்காத ஆளுக்கு டெத் சர்டிபிகேட் மட்டும் என் கையால வராது.”

“அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?”

“தெரியல சார்.”

“தெரியலைன்னா உயிரோட கொண்டு வாங்க!” என்று கத்தினார் டீன்.

தட்டச்சில் ஒரு வரி விடுபட்டுவிட்டது, மறைந்தது பொது உறுப்பினர் அல்ல, அவருடைய குடும்பத்தில் ஒருவர் என்று அன்றே திருத்தம் போயிற்று. பொது உறுப்பினர் உயிர் பிழைத்துவிட்டார். இனி அவருக்கு ஓர் உடம்பு வேண்டும்.

ஹெட் கிளார்க் இரண்டு நாள் ஆஸ்பத்திரி முழுக்க ஆள் தேடி அலைந்தார். வாய் இருந்தவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தவர்களுக்கு டாக்டரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள், வெளிநோயாளிகள் பிரிவில் காலுக்குக் கட்டுப் போடும் அறையைக் கடந்தபோது ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“மூணு மாசமா வர்றேன். என் சீட்டைப் பாக்கறீங்க, புண்ணைப் பாக்கறீங்க. என் மூஞ்சியை ஒரு தடவையாவது பாத்தீங்களா டாக்டர்?”

அவர் அப்படியே நின்றுவிட்டார். தான் எழுதிய ஏழாவது கூட்டம் கட்டுப் போட்ட காலோடு உள்ளே உட்கார்ந்திருந்தது.

அவளை எல்லோரும் டெய்லரம்மா என்றார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தையல் கடை. சர்க்கரையால் வந்த புண், வாரத்துக்கு இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும். அன்று மாலை ஹெட் கிளார்க் கோப்போடு கடைக்குப் போய், சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை.

“முதல்ல அதைப் படிக்கக் குடுங்க. என்ன ஏதுன்னு தெரியாம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம், உங்க காலர் நைஞ்சு போச்சு, திருப்பித் தைச்சுக்கங்க.”

மறுநாள் போனபோது பதினெட்டையும் படித்து முடித்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

“இதை எழுதினது யாரு?”

“அலுவலகத்துல எழுதறதுதான்.”

“அலுவலகம் எழுதாது சார். இதை எழுதின ஆளு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கணும். படுக்காதவனுக்கு இது வராது.”

ஹெட் கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்குக் கிடைத்த இடம், நிபந்தனை, நடக்காத கூட்டங்கள், செத்துப் பிழைத்த உறுப்பினர் என்று ஒன்றுவிடாமல். டெய்லரம்மா பாபினில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“பொண்ணுக்காகவா?”

“அவளுக்காக மட்டும்தாம்மா.”

“சரி, வர்றேன். ஆனா ஒண்ணு, நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“பொய் சொல்லாம எப்படிம்மா?”

“கேட்டதுக்கு உண்மையைச் சொல்வேன். கேக்காததுக்குப் பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்லையே. அப்புறம், பன்னெண்டாவது கூட்டத்துல, காத்திருக்கிற இடத்துல பத்திரிகை வாங்கிப் போடணும்னு நான் சொன்னதா எழுதியிருக்கீங்க. பத்திரிகை யாருக்கு வேணும்? பொம்பளைங்க கக்கூஸுக்கு முதல்ல தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க.”

அதே வாரம் டீன் கையெழுத்தில் அவளுக்கு நியமன உத்தரவு போயிற்று.

குழு வந்தது. தலைவி உயரமான அம்மாள். எதையும் தமிழிலேயே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். கையில் ஒரு சின்ன நோட்டு. கூட வந்த இரண்டு பேரும் அவர் நின்ற இடத்தில் நின்றார்கள், நடந்த இடத்தில் நடந்தார்கள்.

சர்ஜரி வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஸ்டூல். ஸ்டூலுக்கு ஒரு மாணவர். ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டு, இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான்.

“இது எப்ப இருந்து நடக்குது?” என்று தலைவி ஒரு மாணவனிடம் கேட்டார்.

“சுற்றறிக்கை வந்து மூணு வருஷம் ஆச்சு மேடம்,” என்று அவன் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஞாபகம் இருக்கு,” என்றார் கத்தி, யாரும் கேட்காமலே.

தலைவி பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரிடம் குனிந்தார். “உங்க பேரைக் கேக்கறாங்களா?”

“கேக்கறாங்களாவா? பேரைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதும்மா. நேத்து மட்டும் ஒன்பது பேரு. ஆனா ஒண்ணு சொல்லணும், முந்தி வலின்னு சொன்னா ஊசி போட்டுட்டுப் போயிடுவாங்க. இப்ப எங்க வலின்னு கேக்கறாங்க.”

தலைவி நோட்டில் எழுதினார். ஹெட் கிளார்க் எட்டிப் பார்க்க முயன்றார். எழுத்து மிகச் சிறியதாக இருந்தது.

பிறகு பாடத்திட்டக் குழு அறை முதன்முறையாகத் திறக்கப்பட்டது. டெய்லரம்மா உள்ளே போனாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் டீனும் ஹெட் கிளார்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பத்து நிமிடம் சத்தமில்லை. பிறகு டெய்லரம்மாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது. தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ், எட்டு மணிக்கு வரச் சொல்லிப் பதினொரு மணிக்குப் பார்க்கும் டாக்டர், ‘அடுத்தது’ என்று கூப்பிடும் நர்ஸ், எடை பார்க்கும் மெஷினில் எல்லோருக்கும் ஒரே எடை. டீன் முகம் வெளுத்தது.

“இந்தம்மா நம்மளை விக்கறாங்கய்யா.”

“உண்மையைத்தான் சொல்வேன்னு சொன்னாங்க சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!”

வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கும் புதுப் பெட்டியும், அந்தக் கம்பளிச் சட்டைகளும் ஹெட் கிளார்க்கின் கண்முன் வந்தன. எல்லாம் போயிற்று என்று நினைத்தார். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்ததும் டெய்லரம்மா நொண்டிக்கொண்டே வந்து ஹெட் கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா கேட்டாங்க?”

“எடுத்த எடுப்புல, உங்க வீட்டுல நடந்த துக்கத்துக்கு வருத்தப்படறோம்னாங்க. எங்க வீட்டுக்காரரு போய் ஒன்பது வருஷம் ஆச்சு, நீங்களாவது கேட்டீங்களேன்னேன். அப்புறம், மனசுல இருக்கறதைத் தயங்காம சொல்லுங்கன்னாங்க. சொன்னேன்.”

“கூட்டத்தைப் பத்தி?”

“கேக்கவே இல்ல. எங்க, கக்கூஸ் கதையே முடியலையே.”

மாலையில் பெரிய அரங்கில் எல்லோரும் கூடினார்கள். தலைவி எழுந்து நின்று, நோட்டைத் திறந்தார்.

“பல கல்லூரிக்குப் போயிருக்கோம். எல்லா இடத்துலயும் பொது உறுப்பினர்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வருவாங்க. இங்க எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அவரு போயிடுவாரு. நிறுவனத்தை இவ்வளவு சுதந்திரமா, இவ்வளவு விவரமா குறை சொல்ற பொது உறுப்பினரை நாங்க இதுவரைக்கும் பாத்ததில்ல. இப்படிப்பட்டவரை மூணு வருஷம் குழுவுல வச்சு, அவரு சொன்னதைக் கேட்டு நடந்திருக்கீங்கன்னா, அந்த மனசுதான் தரம்.” அவர் நோட்டை மூடினார். “முழு அங்கீகாரம் தர்றோம்.”

அரங்கம் கைதட்டிற்று. டீன் எழுந்து, பொது உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது தானே என்று அடக்கமாகச் சொன்னார். கத்தி பக்கத்திலிருந்தவரிடம், “மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன்,” என்றார். ஹெட் கிளார்க் கடைசி வரிசையில் தூணோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இனிமேல் ஆயுளுக்கும் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று அங்கேயே தீர்மானம் செய்துகொண்டார். அதற்கு நடவடிக்கைக் குறிப்பு எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வரும்போது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. மனைவி வாசலிலேயே நின்றாள்.

“என்னங்க ஆச்சு?”

“கிடைச்சிடுச்சு. முழு அங்கீகாரம்.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, கம்பளிச் சட்டைகளை மறுபடியும் மடித்து வைக்க ஆரம்பித்தாள். “அங்க குளிரு எலும்புக்குள்ள போகுமாம். இன்னொரு சட்டை வாங்கணும்,” என்றாள்.

ஹெட் கிளார்க் நாற்காலியில் சாய்ந்தார். முன்பெல்லாம் தன் கையெழுத்தை நினைத்தால் பெருமையாக இருக்கும். இப்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. குழந்தை தப்பித்துவிட்டாள். வெறும் காகிதத்தில் நடக்கும் இந்தக் கல்லூரியிலிருந்து, நிஜமான ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் போகிறாள். அதற்காகத் தான் எழுதிய ஒவ்வொரு பொய்க்கும் எந்தச் சாமியிடமும் பதில் சொல்லத் தயார் என்று நினைத்துக்கொண்டார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் ஹாஸ்டலிலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் வெள்ளைக் கோட்டு தொங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“கேள்விப்பட்டியா பாப்பா?” என்று அவர் எழுந்து போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இனிமே உன்னைத் தடுக்க ஒண்ணும் இல்ல. எப்ப கிளம்பற, சொல்லு.”

அவள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“அந்த இடத்தை நான் போன வாரமே வேண்டாம்னு எழுதிட்டேன்பா, ஒரு நோயாளி சொன்னதையெல்லாம் மூணு வருஷமா உக்காந்து கேட்டு, ஒரு வார்த்தை விடாம எழுதி வச்சிருக்கிற காலேஜை விட்டுட்டு நான் எதுக்குப்பா வெளிய போகணும்?”